ஆட்டுப்பட்டிக்கு நாய் பழக்குவது: தம்பலகாமத்தில் ஒரு முயற்சி (ஆலோசனை தேவை)

தம்பலகாமத்தான்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமத்தில் எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்தே பட்டி இருக்கிறது. இப்போது மாடு 26, வெள்ளாடு 50க்குக் கிட்ட, செம்மறி 34. செம்மறி என்னுடைய பிடிவாதத்தில் வாங்கியது, யாழ்ப்பாணப் பக்கத்துச் சின்னச் செம்மறிதான். வயலில் வெள்ளாமை நிற்கிற மாதங்களில் பட்டியைக் கொண்டு போக இடம் கிடையாது என்பது இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வருவதால் எங்களுக்கு இரண்டு போகமும் உண்டு, அதாவது வருடத்தில் முக்கால்வாசி நாள் ஆட்டுக்கும் பயிருக்கும் நடுவில் ஒரு வரம்புதான். ஒரு ஆடு வாய் வைத்தால் அன்று பின்னேரம் எங்கள் படலையில் பஞ்சாயத்து. முன்பு இரண்டு பொடியன்கள் மேய்ச்சலுக்குப் போனார்கள். ஒருவன் கட்டார் போய்விட்டான், மற்றவன் ஆட்டோ எடுத்துவிட்டான். அப்பாவுக்கு 67 வயது, முழங்கால் நோ.

இனி நாய்க் கதை. போன வருடம் கொழும்புப் பக்கம் ஒருவரிடம் போர்டர் கொலி (ஆட்டை மடக்கி ஓட்டுகிற வெளிநாட்டு நாய் இனம்) என்று சொல்லி ஒரு பெட்டைக் குட்டி வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள், ஒரு கன்றுத்தாச்சி மாடு வாங்கியிருக்கலாம் என்று அம்மா இன்றுவரை சொல்கிறா. தாய் தகப்பன் பத்திரம் ஒன்றும் தரவில்லை. கறுப்பும் வெள்ளையும், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து. பெயர் மின்னி, இப்போது பதினொரு மாதம். வளவில் நிற்கிற கோழி, தாரா, பக்கத்து வீட்டுச் சின்னப்பிள்ளைகள் எல்லாரையும் சுற்றிச் சுற்றி ஒரு மூலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, வயிறு நிலத்தில் பட அப்படியே பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதை நம்பி போன ஞாயிறு செம்மறிக்குள் விட்டேன். நேரே நடுவால் ஓடினாள். பட்டி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி பெரிய ரோட்டுப் பக்கம், ஒரு பாதி வாய்க்காலுக்குள். சினை மறி (பெட்டைச் செம்மறி) ஒன்று சேற்றில் விழுந்து, அதைத் தூக்கப் போய் நானும் விழுந்தேன். அப்பா வரம்பில் நின்று பார்த்தார், ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டுச் சங்கிலியை எடுத்து என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். மறிக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கடவுள் புண்ணியம்.

என் கேள்வி இதுதான். இந்த வெயிலில், இந்த வரம்புகளுக்கு நடுவில், நம் ஆடுகளோடு இப்படி ஒரு நாயைப் பழக்க முடியுமா? யாராவது செய்திருக்கிறீர்களா? வெளிநாட்டில் இதற்குப் போட்டியெல்லாம் நடக்கிறதாம். சிறுபோக வெட்டு முடிந்து வயல் வெறுமையாகக் கிடக்கும் நாட்களில் நாங்களும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து சும்மா ஒன்று வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு ஆசை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

சாம்பல்தீவு அக்கா

தம்பி, குறை நினைக்காதே, உன் அப்பா சங்கிலி தந்தது சரி.

எங்களிடம் வெள்ளாடு மட்டும் 40. நாய் ஒன்று, சிவலை, சுத்த ஊர்நாய். கண் திறந்த நாளிலிருந்து ஆட்டுக் கொட்டிலுக்குள்ளேயே கிடந்து வளர்ந்தது. நரி வந்தால் ஒரு குரல், ஆள் வந்தால் ஒரு குரல், யானை வந்தால் குரலே வேறு, அடிவயிற்றிலிருந்து வரும், நாங்கள் படுக்கையிலிருந்தே கண்டுபிடிப்போம். ஆட்டைச் சாய்க்கிற வேலை அதற்குத் தெரியாது, தேவையும் இல்லை. பின்னேரம் நான் ஒரு மாஜரின் தகரத்தில் கொஞ்சம் தவிட்டைப் போட்டுக் குலுக்குவேன், நாற்பதும் ஓடிவரும். அவ்வளவுதான் என் தொழில்நுட்பம்.

இன்னொன்று, வெள்ளாடு செம்மறி மாதிரி பயந்து ஒன்றாகச் சேராது. நாயைக் கண்டால் திரும்பி நின்று முகத்தைப் பார்க்கும், குட்டி ஈன்ற ஆடு என்றால் இடிக்கவும் வரும். இரண்டையும் ஒரே பட்டியில் வைத்துக்கொண்டு நாய் பழக்குகிறேன் என்றால் நாய்க்குத்தான் விசர் பிடிக்கும்.

வேல்ஸில் ஒரு மூதூரான்

நான் வேல்ஸில் ஒரு மலைப் பண்ணையில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன், அதனால் இந்த இழையைக் கண்டதும் கை சும்மா இருக்கவில்லை. அக்கா வெள்ளாட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தம்பி, முதலில் வெள்ளாட்டை மற. செம்மறியில் தொடங்கு.

நீ செய்த பிழை நாயின் பிழை இல்லை. முப்பத்துநான்கு ஆடு, அதில் சினை ஆடு, வாய்க்கால், ரோடு, பழகாத நாய். இங்கே இருபது வருடம் நாய் பழக்கிய ஆள்கூட அப்படி விடமாட்டான். வயசான, சினை இல்லாத, ஓடி ஓடி அலுத்துப்போன செம்மறி ஐந்தாறைப் பிரித்து எடு. வலையோ முள்வேலியோ போட்ட ஒரு துண்டு நிலம் வேண்டும். மிகச் சின்னதாக இருந்தால் ஆடு வேலியில் ஒட்டிக்கொள்ளும், நாய் சுற்றிப் போக இடம் இராது. பிறகு நீ ஆடுகளோடு நில், நாயை நீளக் கயிற்றோடு விடு.

இப்போது கவனி. இந்த இன நாய்க்கு இயல்பிலேயே ஒரு குணம், ஆட்டுக்கு இந்தப் பக்கம் நீ நின்றால் அது சரியாக மறுபக்கம் போய் நிற்கப் பார்க்கும். கடிகாரத்தில் நீ 6 என்றால் அது 12. நீ 7க்கு நகர்ந்தால் அது 1க்கு நகரும். ஓநாய்க் கூட்டம் இரையை மடக்குகிற அதே புத்தி, கடித்துக் கொல்லும் கடைசிப் பகுதியை மட்டும் மனுசன் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துக் குறைத்துவிட்டான். ஆகவே முதல் இரண்டு வாரம் நீ கட்டளை ஒன்றும் போட வேண்டாம். நீ பின்னால் பின்னால் நட, ஆடு உன்னை நோக்கி வரும், நாய் ஆட்டின் பின்னால் இடமும் வலமுமாக அசைந்து கொண்டு வரும். ஒரு தரத்துக்குப் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் அதன் மூளை கொதித்துவிடும்.

அந்த நடுவால் ஓடின கதை. ஆட்டைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் இருக்கிறது. விளிம்பைத் தொட்டால் ஆடு நடக்கும், உள்ளே பாய்ந்தால் சிதறும். நல்ல நாய் நேரே ஓடாது, வளைந்து போகும். இங்கே அதைப் பேரிக்காய் வடிவம் என்பார்கள், நமக்குச் சொல்வதென்றால் கத்தரிக்காய். காம்பில் நீ, அடிப்பக்கத்தில் ஆடு, நாய் போகிற பாதை கத்தரிக்காயின் தோல். அது உள்நோக்கி வெட்டுகிற நேரம் பார்த்து நீ ஒரு தடியோடு அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தால் தானாக வெளியே விரியும். தடியால் அடிப்பதில்லை, இடத்தை மறிப்பது மட்டும்தான்.

உன் செம்மறி கம்பளி இல்லாத இலேசான இனம், இங்குள்ள மலைச் செம்மறியைவிடச் சீக்கிரம் வெருளும். நாயைத் தூரத்தில் வைத்தே வேலை வாங்கு.

சும்மா வந்தவன்

டிரோன் ஒன்று வாங்கினால் இத்தனை பாடும் இல்லையே?

வேல்ஸில் ஒரு மூதூரான்

இங்கே ஒருவர் வாங்கினார். முதல் நாள் ஆடு ஓடியது. மூன்றாம் நாள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மேய்ந்தது.

கிண்ணியாப் பட்டி

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது எருமையும் மாடும், தயிர்ச் சட்டி வியாபாரம். நாய் என்றவுடன் எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். கால்நடைக்கும் வயல் காவலுக்கும் வேட்டைக்கும் நாய் வைத்துக்கொள்ள ஹதீஸிலேயே அனுமதி இருக்கிறது. எச்சில் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. என் வாப்பா பட்டியடியில் இரண்டு நாய் வைத்திருந்தார், அதற்கென்று தனி வாளி, தனிச் சட்டி, வீட்டு முற்றத்துக்கு வராது.

சொல்ல வந்தது மாட்டைப் பற்றி. தம்பி, உன் நாயை மாட்டுக்குள் இப்போதைக்கு விடாதே. செம்மறி நாயின் கண்ணுக்குப் பயப்படும், மாடு பயப்படாது. கன்று போட்ட பசு நேரே முட்டும். எருமை அதற்கும் மேல், ஒன்று முறைத்தால் மற்றதெல்லாம் வந்து வளைத்துக்கொள்ளும், நான் கண்ணால் கண்டிருக்கிறேன், நாய் தண்ணீருக்குள் பாய்ந்துதான் தப்பியது. அந்த வில்லுக்குள் (சதுப்புக் குளம்) முதலை இருக்கிறது என்பது வேறு கதை. ஆஸ்திரேலியாவில் மாட்டுக்கென்றே ஒரு நாய் இருக்கிறது, அங்குள்ள டிங்கோ என்ற காட்டு நாயோடு கலந்து உண்டாக்கினது. பின்னங்குதிக்காலில் ஒரு நொட்டு நொட்டிவிட்டு அப்படியே நிலத்தோடு படுத்துவிடும், உதை தலைக்கு மேலால் போகும். படுக்கத் தெரியாத நாய் மாட்டுக்குப் போனால் ஒரு நாள்தான்.

போட்டி வைத்தால் சொல்லு, வருகிறேன். தயிர் என் செலவு.

ராம்நாட்டுக் கிடைக்காரன்

நான் இராமநாதபுரம் பக்கம். இலங்கைத் தமிழ் படிக்க நல்லாயிருக்கு, ஒரு விஷயம் கேட்கலாமா?

எங்க ஆளுக செம்மறியை ஆயிரக்கணக்கில் ஓட்டிக்கிட்டு மாவட்டம் விட்டு மாவட்டம் போறாங்க. ராத்திரி வயல்ல கிடை போடுவாங்க, அந்தப் புழுக்கைக்காகச் சம்சாரிக காசோ நெல்லோ குடுப்பாங்க. நாய் கூடவே வரும், ஆனா அது காவலுக்குத்தான். ஆட்டைத் திருப்புறது மனுசன் குரல். ஒருத்தர் முன்னால ஒரு சத்தம் குடுத்துக்கிட்டே நடப்பார், ஆடு பின்னால வரும், ஓரத்துல ரெண்டு பேர் தொரட்டியோட. வெள்ளைக்காரன் பின்னால இருந்து விரட்டுறான், நாம முன்னால நின்னு கூப்பிடுறோம். அந்த அக்காவோட தவிட்டு டப்பா அதே வழிதான். இப்போ நாய் எதுக்கு?

தம்பலகாமத்தான்

அண்ணா, நியாயமான கேள்வி. கூப்பிட்டு வரவைப்பதற்கு நாய் தேவையில்லைதான். ஆனால் வெள்ளாமைக்குள் இறங்கப் போகிற ஆட்டைத் தவிட்டுத் தகரம் திருப்பாது. பச்சை நெல் தவிட்டைவிட ருசி. அந்த ஓரத்தில் நிற்கிற இரண்டு பேர்தான் எங்களுக்கு இல்லை, அந்த இடத்துக்குத்தான் நாய். அப்பா முன்னால் நடக்கட்டும், மின்னி ஓரத்தில் வரட்டும்.

மூதூரான் அண்ணா, மிக நன்றி. ஆறு கிழட்டு மறி பிரித்துவிட்டேன்.

கந்தளாய்க் கால்நடை

நான் மிருக வைத்தியத் துறையில் சின்ன வேலையில் இருக்கிறேன். பழக்குவதைப் பற்றி எனக்குத் தெரியாது, உயிரோடு வைத்திருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இப்போது கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) அடிக்கிற காலம். காலை ஏழரைக்குப் பிறகு அந்த நாயை ஓடவிட வேண்டாம், பின்னேரம் ஐந்துக்கு முன் வேண்டாம். இந்த இனத்தின் தொல்லை என்னவென்றால் களைத்துவிட்டேன் என்று சொல்லத் தெரியாது. ஊர்நாய் வெயில் ஏறினால் தானாக வேப்பமர நிழலுக்குப் போய்விடும், இது விழும்வரை ஓடும். நாயின் சாதாரண உடல்சூடு 38இலிருந்து 39 பாகை சொச்சம். 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புப் பழுதாகத் தொடங்கும். நாக்கு கரண்டி மாதிரி அகன்று தொங்கினால், பின்னங்கால் பின்னினால், கண் ஒரு மாதிரி வெறித்தால் உடனே நிறுத்துங்கள். வயிறு, தொடை இடுக்கு, பாதம் எல்லாம் தண்ணீர் ஊற்றிக் காற்றில் வையுங்கள். ஈரச் சாக்கைப் போர்த்தி மூடிவிடாதீர்கள், சூடு உள்ளே நின்றுவிடும். தண்ணீர் ஊற்றிய பிறகு வைத்தியரிடம் ஓடுங்கள், ஊற்றாமல் ஓட வேண்டாம்.

இரண்டாவது விஷயம் முக்கியம். இங்கே மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் உண்ணிக்கு என்று நாய்க்கும் போடுகிற பழக்கம் இருக்கிறது. கொலி வகை நாய்களில் சிலவற்றுக்கு ஒரு மரபணுக் குறை உண்டு, அந்த மருந்து மூளைக்குள் போகாமல் தடுக்கிற வாசல் அவற்றில் வேலை செய்யாது. 2001இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். போர்டர் கொலியில் இது குறைவு, நீள முக ரஃப் கொலியில்தான் அதிகம். ஆனால் உங்கள் நாய்க்குப் பத்திரம் இல்லை, எதோடு கலந்தது என்று யாருக்குத் தெரியும். மாட்டு ஊசி வேண்டவே வேண்டாம். உண்ணிக்கு வேறு மருந்து இருக்கிறது.

விசர்நாய்த் தடுப்பூசி வருடம் ஒன்று, மறக்காதீர்கள். ஆட்டோடும் சின்னப்பிள்ளைகளோடும் நிற்கிற நாய்.

சாம்பல்தீவு அக்கா

சிவலைக்குப் போன வருடம் மாட்டு ஊசிதான் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. இனிப் போடவில்லை.

தம்பலகாமத்தான்

ஐந்து கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

முதல் பத்து நாள் வெட்கக்கேடு. மின்னி சுற்றிச் சுற்றி ஓடினாள், நான் சுற்றிச் சுற்றி விழுந்தேன். பதினோராவது நாளோ பன்னிரண்டாவது நாளோ, விடிய ஆறு மணி இருக்கும், நான் பின்னால் நடந்து வருகிறேன், ஆறு மறியும் ஒரு கொத்தாக என் வயிற்றுக்கு நேரே வருகின்றன, அதற்குப் பின்னால் அவள் தலை மட்டும் தெரிகிறது. தலை தோளுக்குக் கீழே தாழ்ந்து, ஒரு முன்னங்கால் தூக்கினபடி நின்று, பிறகு அதை மெதுவாக வைத்து, அடுத்ததைத் தூக்கி. பூனை குருவி பிடிக்கப் போகிற நடை. நான் வலப்பக்கம் சாய்ந்தேன், அவள் மறுபக்கம் சாய்ந்தாள். மறிகள் என்னைக் கடந்து போகாமல் நின்றுவிட்டன. எனக்கு மயிர் கூச்செறிந்தது.

இப்போது கட்டளையில் சிக்கல். ‘இடம்’, ‘வலம்’ என்று பழக்கினேன். நூறு மீட்டர் தள்ளி நின்று கத்தும்போது இரண்டும் காற்றில் ‘...அம்’ என்றுதான் கேட்கிறது போல, அவள் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். தவிர யாருடைய இடம், யாருடைய வலம் என்று எனக்கே தடுமாற்றம். நிற்பதற்கு ‘படு’, நேரே ஆட்டை நோக்கி வருவதற்கு ‘நட’, வேலையை விட்டு வருவதற்கு ‘போதும்’. இந்த மூன்றும் பிடித்துவிட்டாள்.

வேல்ஸில் ஒரு மூதூரான்

‘போதும்’! இங்கே அதற்குச் சொல்கிற ‘தட்ல் டூ’வுக்கும் அச்சொட்டாக அதே பொருள்தான், சந்தோசமாக இருக்கிறது.

திசைக்கு ஒரு வழி சொல்கிறேன். இடம் வலத்தை விடு. இங்கே ஆட்டைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகச் சுற்றி வா என்பதற்கு ‘கம் பை’, எதிர்ப்பக்கமாக என்றால் ‘அவே’. யார் எங்கே நின்றாலும் சுற்று மாறாது. கோணேசர் கோயிலில் நாம் எப்படி வலம் வருகிறோம்? சாமி நம் வலக்கைப் பக்கம், கடிகாரச் சுற்று. ஆட்டைச் சாமி என்று வைத்துக்கொள், ‘கம் பை’ என்றால் நாய் வலம் வருகிறது, அவ்வளவுதான். மற்றதற்கு ‘எதிர்’ என்று வை. ‘வலேஏஏம்’ என்று இழுத்துச் சொல், ‘எதிர்!’ என்று வெட்டிச் சொல். சொல்லைவிட அதன் நீளத்தைத்தான் நாய் கேட்கிறது.

கொஞ்ச நாளில் குரலைக் குறைத்து விசிலுக்கு மாற்று. கத்தும்போது நம் கோபமும் சேர்ந்து போகும், விசிலில் அது தெரியாது. இது ஒன்றும் வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு இல்லை, சங்கப் பாட்டில் இடையன் அடிக்கிற சீழ்க்கைக்கு வீளை என்று பெயரே இருக்கிறது, நரி அதைக் கேட்டு ஓடும்.

போட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பிரித்தானியாவில் பதிவான முதல் போட்டி நடந்தது இங்கேதான், வேல்ஸில் பாலா என்ற ஊரில், 1873இல். வேல்ஸ்காரர் நடத்திய போட்டியில் வென்றது ஸ்கொட்லாந்துக்காரர் ஒருவர், நாயின் பெயர் ட்வீட். இங்கே இன்றும் அதைக் கொஞ்சம் மனக்குறையோடுதான் சொல்வார்கள். 1906இல் சர்வதேசச் செம்மறிநாய்ச் சங்கம் தொடங்கியது. இன்றைக்கு உள்ள போர்டர் கொலி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நாயின் வழி என்பார்கள், ஓல்ட் ஹெம்ப், 1893இல் நோர்தம்பர்லாந்தில் பிறந்தது. தகப்பன் கலகலப்பான சாதாரண நாய், தாய் ஆட்டைக் கண்டால் உறைந்துபோகிற அளவுக்குக் கண் கூடின நாய், இரண்டுக்கும் நடுவில் விழுந்தது அது. குரைக்காமல், கடிக்காமல், பார்வையாலேயே ஆட்டை நகர்த்தியதாம்.

புள்ளிக் கணக்கு இப்படி. ஒரு நடுவருக்கு மொத்தம் 100. வளைந்து ஓடிப்போய் ஆட்டின் பின்னால் நிற்க 20, ஆட்டை முதலில் கிளப்புகிற அந்தக் கணத்துக்கு 10, உன்னிடம் நேர்கோட்டில் கொண்டுவர 20, உன்னைவிட்டுத் தள்ளி வாசல்களுக்குள்ளால் ஓட்டிப்போக 30, ஒன்றிரண்டைப் பிரிக்க 10, பட்டிக்குள் அடைக்க 10. முழுப் புள்ளியிலிருந்து பிழைக்குப் பிழை வெட்டிக்கொண்டு வருவார்கள். ஆட்டைக் கௌவினால் நடுவர் வெளியே அனுப்பலாம். ஓட்டிப்போகிற அந்த 30தான் கடினம். கொண்டுவருவது நாயின் இயல்பு, தள்ளிக்கொண்டு போவது அதன் இயல்புக்கு எதிர்.

எங்கள் முதலாளி சனிக்கிழமை போட்டிக்குக் கொண்டுபோகிற நாய்தான் திங்கட்கிழமை மலையிலிருந்து 400 ஆடு இறக்குகிறது. போட்டிக்கென்று தனி நாய் வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி அவர் பேசுகிற பாணியை இங்கே எழுத முடியாது.

தம்பலகாமத்தான்

அண்ணா, வலம் பிடித்துவிட்டது! மூன்றே நாள். நான்தான் இன்னும் பிழைவிடுகிறேன், அவள் வலம் போகும்போது என் இடப்பக்கமாகப் போகிறாள், என் வாய் ‘எதிர்’ என்கிறது. அப்பா திண்ணையில் இருந்தபடி “கோயிலுக்குப் போய்ப் பழகினவனுக்கு இது பிழைக்காது” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

வெட்டு முடிகிறது. போட்டி வைக்கிறோம். பன்குளத்தில் ஒருவர் அல்சேஷன் கலப்பு நாயோடு வருகிறார். அக்கா, சிவலையையும் கொண்டு வாருங்கள்.

சாம்பல்தீவு அக்கா

வருகிறேன். தோற்றால் கிண்டல் செய்யக்கூடாது.

தம்பலகாமத்தான்

சரி, நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், பிறகு ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டாம்.

ஞாயிறு காலை ஆறேகாலுக்குத் தொடங்கினோம், கந்தளாய்க் கால்நடை அண்ணா சொன்னபடி வெயிலுக்கு முன். எங்கள் வயலில் தாள் மட்டும் நிற்கிறது. பழைய உரப்பையைக் கட்டின தடிகள்தான் வாசல். பட்டி அடைக்கப் பழைய மீன்வலை, கட்டுவதற்குக் கயிறு ஒன்று. நாய்க்கு ஆறு மறி, தூரம் 120 மீட்டர் வரும், பத்து நிமிடம். ஆடு பிரிப்பதை விட்டுவிட்டோம், மொத்தம் 90 புள்ளி. நடுவர்கள் கிண்ணியா நானாவும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரும், இரண்டு பேரும் கூடிப் பேசி ஒரே புள்ளி. நானா உண்மையாகவே எட்டுச் சட்டி தயிர் கொண்டு வந்திருந்தார்.

பன்குளத்து நாய் நன்றாக ஓடியது, ஆனால் கிளப்புகிற இடத்தில் ஒரு மறியின் தொடையில் வாய் வைத்துவிட்டது. பல் பதியவில்லை. வெளியேற்றினோம், அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார்.

மின்னி சுற்றிப் போகையில் வரம்பு ஒன்றில் தடுக்கி உள்ளே வெட்டினாள், 20க்கு 14. கிளப்பியது 6. கொண்டுவரும்போது மறிகள் ஒரு தரம் தென்னங்கன்றுப் பக்கம் சாய்ந்தன, ‘வலேம்’ என்றேன், போய் மறித்துத் திருப்பினாள், கூட்டம் கை தட்டியது, தட்டின சத்தத்தில் மறிகள் மறுபடி சாய்ந்தன. 20க்கு 9. ஓட்டிப்போவதில் முதல் வாசலே போகவில்லை, அவள் திரும்பத் திரும்ப என்னிடமே கொண்டு வந்தாள், அண்ணா சொன்னது அப்படியே. பூச்சியம். பட்டி வாசலில் ஐந்து மறி உள்ளே, ஆறாவது வலையில் நெற்றியை வைத்துக்கொண்டு யோசித்தது. வாத்தியார் நேரம் என்றார். மொத்தம் 29.

அக்கா வந்தா. சிவலை வேப்பமர நிழலில் படுத்துவிட்டது. எழும்பவில்லை. அக்கா பையிலிருந்து அந்தத் தகரத்தை எடுத்துக் குலுக்கிக்கொண்டு நேரே பட்டிக்குள் நடந்து போனா. ஆறு மறியும் அவருக்குப் பின்னால் ஓடி உள்ளே போயின. கயிற்றை இழுத்து வலையை மூடினா. இரண்டு நிமிடம் பத்து வினாடி.

கிண்ணியாப் பட்டி

நடுவர் விளக்கம்: ஆட்டைக் கையால் தொடக்கூடாது என்று மட்டும்தான் விதி எழுதியிருந்தார்கள், தகரத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. பட்டி அடைத்ததற்கு 10 கொடுத்தோம். மற்றதெல்லாம் நாய் செய்ய வேண்டிய வேலை, நாய் நித்திரை. ஆகவே இரண்டாம் இடம்.

சாம்பல்தீவு அக்கா

ஆறு ஆடு வெளியே நின்றது, ஆறும் உள்ளே போனது. இதில் இரண்டாம் இடம் எப்படி வரும் என்று அந்தக் கணக்கு வாத்தியாரைக் கேட்டுச் சொல்லுங்கள் நானா.

ராம்நாட்டுக் கிடைக்காரன்

அக்காவுக்கு எங்க ஊர் ஓட்டு.

வேல்ஸில் ஒரு மூதூரான்

முதலாளிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சிந்திவிட்டார். பதினொரு மாதத்தில் பிடித்த நாய் இரண்டரை மாதத்தில் 14 புள்ளி வளைவு ஓடினால் விற்றுவிடாதே என்று சொல்லச் சொன்னார். ஓட்டிப்போவதற்கு: நீ ஆட்டுக்குப் பக்கத்தில் நாயோடு சேர்ந்து நடந்து பழக்கு, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கு. ஒரு மாரி எடுக்கும்.

தம்பலகாமத்தான்

சரி அண்ணா. மாரிக்குப் பட்டியை மேட்டுக்கு ஏற்ற வேண்டும், 2022 டிசம்பர்ப் புயலோடு வந்த குளிரில் வடக்குக் கிழக்கெல்லாம் மாடும் ஆடும் செத்ததிலிருந்து அப்பா கொட்டில் விஷயத்தில் மிகக் கவனம். முந்தநாள் அந்த வேலைக்காக செம்மறி முழுவதையும் மாற்றினோம். அப்பா முன்னால் நடந்தார், மின்னி இடது ஓரம், நான் கடைசியில். வரம்புப் பக்கம் மூன்று மறி இறங்கப் பார்த்தன. நான் விசிலுக்கு வாயைக் குவிப்பதற்குள் முன்னால் இருந்து “எதிர்!” என்று அப்பா கத்தினார். சரியான பக்கம்.

அடுத்த போட்டி மாசி பங்குனி வெட்டுக்குப் பிறகு. விதியில் தகரம் சேர்க்கப்படும், அக்கா மன்னிக்கவும். அண்ணா, அங்கே மேய்ப்பர்கள் வாய்க்குள் வைத்து ஊதுகிற அந்தச் சப்பை விசில் இரண்டு யாராவது வருகிற கையில் கொடுத்துவிடுவீர்களா? ஒன்று அப்பாவுக்கு.